பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தியிருப்பவர்களுக்கு

சொந்த வண்டியில் டாக்ஸி ஓட்டும் தம்பிமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும்,

விடியற்காலை ஐந்தரை மணிக்கு வரும் போன் எனக்குப் பழகிப்போனது. அச்சிறுபாக்கம் தாண்டி நிற்பார், அல்லது விக்கிரவாண்டி டோலுக்கு முன்னால், அல்லது சவாரியை ஏர்போர்ட்டில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது மீனம்பாக்கத்தில். "அண்ணே, டெம்பரேச்சர் முள்ளு சிவப்புக்குப் போயிடுச்சு, வண்டி நின்னுடுச்சு. இன்னொரு தடவ ஸ்டார்ட் பண்ணிப் பாக்கட்டுமா?" அன்று மாலை வண்டியைக் கட்டி இழுத்து வந்து என் பட்டறை வாசலில் நிறுத்திவிட்டு, டீ கூடக் குடிக்காமல் அதே ஆள் இரண்டாவது கேள்வியைக் கேட்பார். "இன்ஜின் வேல பாத்துடலாமா, இல்ல வண்டியத் தள்ளிவிட்டுடலாமா?"

முதல் கேள்விக்கு என்னிடம் ஒரே பதில்தான். வேண்டாம், சாவியைத் தொடாதீர்கள். இரண்டாவதற்கு அப்படி நின்ற இடத்தில் பதில் சொல்லக் கூடாது என்பதைக் கற்றுக்கொள்ள எனக்குப் பல வருடம் ஆனது. நான் கற்றுக்கொண்டதற்கான விலையை வேறொருவர் கொடுத்தார். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

வண்டி நின்ற அன்றே உங்களுக்குப் பதில் சொல்லப் பலர் வருவார்கள். பட்டறைக்காரர் "பாத்துடலாம்" என்பார். அவருக்கு அது வேலை. ஷோரூமில் "எக்ஸ்சேஞ்ச் போட்டுடுங்க சார்" என்பார்கள். அவர்களுக்கு அது ஒரு வண்டி விற்ற கணக்கு. புரோக்கர் மறுநாள் காலையிலேயே பணத்தோடு நிற்பார். மச்சான், "ராசியில்லாத வண்டி, விட்டுத் தொலை" என்பார். ஐந்தாம் தேதி டியூ. ஓடாத ஒவ்வொரு நாளும் கையை விட்டுப் போகும் நாள். இந்த நெருக்கடியில் யார் முதலில் உறுதியான குரலில் பேசுகிறாரோ அவர் சொன்னதே முடிவாகிவிடுகிறது. இன்ஜின் ஏன் போனது என்று அதுவரை ஒருவருக்கும் தெரியாது. உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: காரணம் தெரிகிற வரைக்கும் ரிப்பேருக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள், விற்கவும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

முதலில் அந்தச் சாவி விஷயம். இன்றைய கார்களில் ஹெட் அலுமினியம். பல வண்டிகளில் கீழே இருக்கும் பிளாக் வார்ப்பிரும்பு. சூடேறினால் அலுமினியம் இரும்பைவிட அதிகமாக விரியும். அளவு மீறிச் சூடேறினால் ஹெட் வளைந்துவிடும். எவ்வளவு வளைந்தால் கெடுதல் என்று கேட்டால் நம்பமாட்டீர்கள்: பல இன்ஜின்களுக்குக் கம்பெனி அனுமதிப்பது 0.05 மில்லிமீட்டர், தலைமுடியைவிடக் குறைவு. முள் சிவப்பைத் தொட்டவுடன் ஓரங்கட்டி அணைத்துவிட்டால் பெரும்பாலும் கேஸ்கட்டோடும் ஹெட் ஃபேஸிங்கோடும் முடியும். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்ல பெட்ரோல் பங்க்" என்று ஓட்டினால் பிஸ்டன் ஊதி போரைக் கீறும், பேரிங் எரியும். கொதிக்கிற ரேடியேட்டரில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட்டே விரிசல் விடலாம். மூடியைத் திறந்தால் உங்கள் முகம் வேகும். வண்டியில் இருக்கும் பயணியிடம் மன்னிப்புக் கேட்டு வேறு வண்டி ஏற்றிவிடுங்கள். அந்தச் சவாரி போனால் போகட்டும்.

மழைத் தண்ணீரும் அப்படித்தான். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணைப் பக்கமிருந்து வந்த வண்டிகளைப் பார்த்தவன் நான். தண்ணீரில் நின்ற வண்டியைவிட, தண்ணீரில் நின்ற பிறகு ஸ்டார்ட் செய்யப்பட்ட வண்டிதான் அதிகம் செத்தது. காற்று போகும் வழியில் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விடுகிறது. பிஸ்டன் மேலே வரும்போது காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைகிறது. சில வண்டிகள் வளைந்த ராடோடு கொஞ்ச நாள் ஓடக்கூட ஓடும். பிறகு ஒருநாள் ஹைவேயில் ராடு பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும். சாதாரண காம்ப்ரிஹென்சிவ் மோட்டார் பாலிசியில் வெள்ளத்தால் வந்த சேதம் உண்டு, ஆனால் வெள்ளத்துக்குப் பிறகு நீங்கள் சாவி திருப்பியதால் வந்த இன்ஜின் சேதத்தைத் தொடர்விளைவு என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள். இன்ஜின் பாதுகாப்புக்கென்று தனியாகக் கூடுதல் பிரீமியம் கட்டியிருந்தால் கதை வேறு. அது உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று வெயில் காலத்திலேயே பாருங்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

பல வருடத்துக்கு முன்பு செய்யாறு பக்கத்து ஓட்டுநர் ஒருவர், டீசல் வண்டி. சூடேறி நின்றுவிட்டது. ஹெட்டைக் கழற்றினேன், கேஸ்கட் இரண்டு சிலிண்டருக்கு நடுவே எரிந்திருந்தது. அவருக்கு மூன்றாம் நாள் ஒரு கல்யாணப் பார்ட்டி சவாரி. ஹெட்டை லேத்துக்கு அனுப்பி ஃபேஸிங் போட்டு, புது கேஸ்கட் வைத்து, இரண்டே நாளில் வண்டியைக் கொடுத்தேன். என்னைப் பாராட்டிவிட்டுப் போனார். நாற்பது நாளில் அதே வண்டி, அதே கேஸ்கட். மட்டமான சாமான் என்று நானே நம்பிக்கொண்டு, இந்த முறை விலை கூடிய கேஸ்கட் போட்டேன். அவரும் கொடுத்தார். மூன்றாவது முறை உளுந்தூர்ப்பேட்டை அருகே நின்றது. இந்த முறை பிளாக்கில் விரிசல்.

அப்போதுதான் ரேடியேட்டரைக் கழற்றிப் பிளந்து பார்த்தேன். உள்ளே குழாய்களில் பாதிக்கு மேல் வெள்ளை உப்பு அடைத்திருந்தது. வருடக்கணக்காகக் கூலன்ட்டுக்குப் பதிலாக வீட்டு போர் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். சென்னையைச் சுற்றிலும் போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். முதல் நாளே நான் ரேடியேட்டரைச் சோதித்திருந்தால் அந்த இன்ஜின் இன்னும் பல வருடம் ஓடியிருக்கும். கேஸ்கட் எரிந்ததை நான் பார்த்தேன். ஏன் எரிந்தது என்று பார்க்கவில்லை. அவர் மனைவியின் வளையல் இரண்டாவது பில்லுக்குப் போனது என்று பிறகு தெரிந்தது. வண்டி இரும்பு விலைக்குப் போனது. டியூ இன்னும் பதினான்கு மாதம் பாக்கி இருந்தது. அன்றிலிருந்து காரணம் எழுதாமல் நான் பில் எழுதுவதில்லை.

ஆகவே பிரித்துப் பார்க்கும் கூலியைத் தனியாகப் பேசுங்கள். "பிரித்துக் காட்டுங்கள், அதற்குரிய கூலியைத் தந்துவிடுகிறேன், அதன் பிறகு செய்வதா வேண்டாமா என்று நான் சொல்கிறேன்" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். இதற்குக் கோபித்துக்கொள்ளும் பட்டறையில் வண்டியை விடாதீர்கள். சில ஆயிரம் ரூபாய் அதில் போகலாம். வண்டியை விற்பதென்று முடிவானாலும் அந்தப் பணம் வீணில்லை. "இன்ஜின் ஜாம்" என்று மட்டும் தெரிந்த வண்டிக்குப் புரோக்கர் கேட்கும் விலை ஒன்று, "ஹெட் மட்டும்தான், போர் சுத்தமாக இருக்கிறது" என்று தெரிந்த வண்டிக்குக் கேட்கும் விலை வேறு.

பிரிப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ளக் கூடியவையும் உண்டு. டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆயிலை இறக்கி வெள்ளைத் துணியில் வடிகட்டினால் பளபளவென்று தூள் தெரிகிறதா? பேரிங் தேய்ந்திருக்கிறது, கிராங்க் வரை போயிருக்கலாம். இன்ஜின் சுற்றுகிறது என்றால் கம்ப்ரெஷன் பார்க்கச் சொல்லுங்கள். நான்கு சிலிண்டரின் எண்ணையும் தாளில் எழுதி வாங்குங்கள். மொத்த அளவைவிட ஒன்றுக்கொன்று உள்ள வித்தியாசம்தான் பேசும். பெட்ரோல் வண்டியில் குறைந்திருக்கும் சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் ஊற்றி மறுபடி பார்த்தால், அளவு ஏறினால் ரிங்கிலும் போரிலும் தேய்மானம், ஏறாவிட்டால் வால்விலோ கேஸ்கட்டிலோ கோளாறு. எண்பதாயிரம் வேலையா இருபதாயிரம் வேலையா என்பதை இந்தச் சின்னச் சோதனை பல நேரம் முன்கூட்டியே சொல்லிவிடும்.

பிரிக்கிற நாளில் பக்கத்தில் நில்லுங்கள். சவாரிதான் இல்லையே, நேரம் இருக்கிறது. போரைக் கையால் தடவிப் பாருங்கள், நகம் மாட்டுகிற கீறல் இருந்தால் ரீபோர்தான். ஏற்கெனவே போர் அடித்த பிளாக்கா என்று கேளுங்கள். 0.25, 0.50 என்று பெரிய சைஸ் பிஸ்டன் உண்டு, 0.50-ஐயும் தாண்டிவிட்டால் லைனர் அடிக்க வேண்டிவரும், செலவும் கூடும், லேத் வேலையில் தவறு நடக்கவும் இடம் கூடும். டைமிங் செயின் வண்டியென்றால் செயின், டென்ஷனர் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்விஃப்ட், டிசையர், விஸ்டா என்று நம் ஓட்டுநர்கள் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிய அந்த 1.3 ஃபியட் டீசல் இன்ஜினில் செயின் டென்ஷனர் வேலை செய்வது ஆயில் அழுத்தத்தில்தான். ஆயில் குறைவாக ஓட்டினால் முதலில் சத்தம் போடுவது அது. பெல்ட் வண்டியாக இருந்து பெல்ட் அறுந்திருந்தால் பெரும்பாலும் வால்வு வளைந்திருக்கும். அங்கே பிஸ்டன் தலையில் வால்வு பட்ட தழும்பைத் தேடுங்கள்.

காரணம் தெரிந்துவிட்டது, தொகையும் எழுதி வாங்கிவிட்டீர்கள். இப்போதுதான் கணக்கு. இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். "வண்டியே மூணரை லட்சம், அதுக்கு ஒண்ணேகால் லட்சம் செலவா?" என்று கேட்கிறார்கள். அப்படி ஒப்பிடக் கூடாது. ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், தொகைகள் உதாரணத்துக்குத்தான். நல்ல ஓட்டத்தில் உங்கள் வண்டி 3,60,000 ரூபாய் போகும். இன்ஜின் செத்த நிலையில் 1,70,000-க்குக் கேட்கிறார்கள். வேலைக்கு 1,15,000 ஆகும். விற்றுவிட்டு இதே மாதிரி இன்னொரு பழைய வண்டி வாங்க, கையிலிருந்து 1,90,000 போட வேண்டும். மேற்கொண்டு பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ், பெர்மிட் வேலை, வாங்கிய மாதத்திலேயே வரும் டயர், கிளட்ச். இன்ஜின் வேலை பார்த்தால் 1,15,000. இங்கே ரிப்பேர்தான் சரி. இன்னொரு வண்டியைப் பாருங்கள்: பழைய மாடல், நல்ல ஓட்டத்தில் 1,60,000, இப்போதைய நிலையில் 80,000, வேலைக்கு 1,10,000. இடைவெளி 80,000-தான். விட்டுவிடுங்கள். வண்டியின் விலையோடு ரிப்பேர் தொகையை வைத்துப் பார்க்காமல், ஓடும் வண்டிக்கும் ஓடாத வண்டிக்கும் உள்ள இடைவெளியோடு வைத்துப் பாருங்கள். மூன்று இடத்தில் விலை கேட்டு எழுதுங்கள். 2025 செப்டம்பர் 22-லிருந்து சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்த பிறகு, பழைய கார் விலையை அதற்கு முந்தைய நினைவில் வைத்துப் பேசினால் கணக்கு தப்பும்.

போன வருடம் போட்ட டயர், மூன்று மாதத்துக்கு முன் போட்ட கிளட்ச், சீட் கவர் இவற்றை இந்தத் தாளில் எழுதாதீர்கள். "இவ்வளவு போட்டுட்டனே அண்ணே" என்று சொல்லும்போது எனக்கும் வலிக்கிறது. ஆனால் போட்ட பணம் இனி எந்தப் பக்கமும் சேராது. இனிமேல் போகப் போகிற பணம் மட்டும்தான் கணக்கு.

இந்தக் கணக்குக்கு அடங்காத ஒன்று இருக்கிறது, அது உங்கள் பக்கம் நிற்கிறது. உங்கள் வண்டியின் குறை உங்களுக்குத் தெரியும். எந்த வளைவில் எந்தச் சத்தம் வரும், ஏ.சி. எந்த மாதத்தில் கேஸ் கேட்கும், எந்தக் கதவு மழையில் ஒழுகும் என்று தெரியும். வாங்கப் போகிற வண்டி மெருகு போட்டு நிற்கும். அதை ஏன் விற்றார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. 2023 வெள்ளத்துக்குப் பிறகு நான் பார்த்த சில "நல்ல" வண்டிகளில் சீட்டுக்கடியில் சேறு காய்ந்து கிடந்தது.

உங்களுக்கு எதிராக நிற்பதும் ஒன்று உண்டு, அது துரு. இன்ஜினை மாற்றலாம், பாடியை மாற்ற முடியாது. இன்றைய பெரும்பாலான கார்களில் லாரி மாதிரித் தனி சேசிஸ் கிடையாது, பாடிதான் சேசிஸ். திருவான்மியூர், பழவேற்காடு என்று கடற்காற்றில் நிற்கிற வண்டிகளைத் தூக்கிப் போட்டு அடியில் பார்க்கச் சொல்லுங்கள். முன் ஷாக் அப்சார்பர் உட்காரும் இடம், கிராஸ் மெம்பர், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போகிறது என்றால் எவ்வளவு நல்ல இன்ஜினாக இருந்தாலும் நான் கை வைக்கமாட்டேன். அதில் குடும்பங்கள் ஏறுகின்றன. எஃப்.சி.யும் எத்தனை தடவை தேறும்? மஞ்சள் போர்டு வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இருக்கும் எஃப்.சி., அதன் பிறகு வருடா வருடம். எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு இன்ஜின் வேலை பார்க்கிறீர்கள் என்றால் அந்த வருடாந்திரச் செலவும் உங்கள் தாளில் ஏற வேண்டும்.

"புதுப்பேட்டையில் ஒரு பழைய இன்ஜின் பார்த்து மாத்திடலாமா?" என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். தாராளமாக. நானே பலமுறை வாங்கிப் போட்டிருக்கிறேன். விபத்தில் பின்பக்கம் நசுங்கிய வண்டியின் இன்ஜின், ரீபோர் போட்ட இன்ஜினைவிட நன்றாக ஓடுவதுண்டு. ஆனால் தரையில் கிடக்கிற இன்ஜினைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். கம்ப்ரெஷன் பார்க்கச் சொல்லுங்கள், ஆயில் பேனைத் திறந்து பாருங்கள், இன்ஜின் நம்பரோடு பில் வாங்குங்கள். அந்த நம்பரை ஆர்.டி.ஓ.வில் ஆர்.சி.யில் ஏற்றியே ஆக வேண்டும். லோன் இருந்தால் அதற்கு பைனான்ஸின் சம்மதக் கடிதமும் வேண்டும். இதைச் செய்யாமல் ஓட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். எஃப்.சி. நாளிலோ, விபத்து நடந்து இன்ஷூரன்ஸ் சர்வேயர் பானெட்டைத் திறக்கும் நாளிலோ அது வெளியே வரும். நம்பர் திருட்டு வண்டியோடது என்றால் கதை காவல் நிலையம் வரை போகும். பில் தர மறுக்கிற கடையில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

இன்ஷூரன்ஸில் வருகிற சேதமென்றால் ஒரு எண்ணை நினைவில் வையுங்கள். ரிப்பேர் செலவு பாலிசியில் எழுதியிருக்கும் வண்டி மதிப்பில், அதாவது ஐ.டி.வி.யில், 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை முழுச் சேதம் என்று கணக்கிட்டு அந்தத் தொகையைப் பேசுவார்கள். அந்தப் பக்கம் போகப் போகிற வண்டிக்குக் கைக்காசைப் போட்டு வேலை தொடங்கிவிடாதீர்கள். சர்வேயர் பார்க்கும் முன் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள், என்னையும் சேர்த்துத்தான்.

புது வண்டி ஆசையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மனம் உடைந்திருக்கும்போது ஷோரூம் வெளிச்சம் நன்றாகத்தான் இருக்கும். ஆறு லட்சம் லோன், 10 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதம் 12,700 ரூபாய்க்கு மேல் டியூ. மாதம் 26 நாள் ஓட்டினால், சாவி போடும் முன்பே ஒரு நாளைக்கு ஏறக்குறைய 490 ரூபாய். பழைய வண்டியின் டியூ முடிந்திருந்தால், மூன்று சவாரி கூட ஓடாத நாட்கள் எத்தனை என்று உங்கள் நோட்டைப் பார்த்துவிட்டுப் போங்கள். பழைய டியூவும் பாக்கி என்றால் தயவுசெய்து போகவே போகாதீர்கள். இன்னொன்றையும் சொல்கிறேன்: இன்ஜின் வேலைக்கு மூன்று ரூபாய் வட்டிக்கு ஒரு லட்சம் வாங்கினால் மாதம் 3,000 வட்டியே போகும், அசல் அப்படியே நிற்கும். அந்த வட்டியையும் சேர்த்தால்தான் ரிப்பேரின் உண்மையான விலை. அது இடைவெளியைத் தாண்டினால் பழுதான வண்டியை விற்றுவிட்டு ஆறு மாதம் வேறொருவர் வண்டியை ஓட்டுவது மேல். அதில் கேவலம் எதுவும் இல்லை.

செய்வதென்று முடிவானால் பாதி வேலைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். ஹெட்டுக்காகப் பிரித்த இடத்தில் வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஹோஸ் எல்லாம் பழசாகவே திரும்பப் போனால் மறுபடி அதே வழியில்தான் நிற்பீர்கள். ரேடியேட்டரைச் சுத்தம் செய்த பிறகு கம்பெனி சொன்ன கூலன்ட்டை ஊற்றுங்கள். லேத்தில் போர் அடித்த அளவையும், கிராங்க் அளவையும் தாளில் எழுதி வாங்குங்கள். முதல் ஆயிரம் கிலோமீட்டரில் ஆயிலும் பில்டரும் மாற்றும் வரை நீண்ட ஏற்றமும் அதிவேகமும் வேண்டாம். ஏலகிரி, ஏற்காடு சவாரியைக் கொஞ்ச நாள் நண்பருக்கு விட்டுக்கொடுங்கள். எத்தனை மாதம் பொறுப்பு என்று பட்டறையின் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னதை வைத்து யாரிடமும் நிற்க முடியாது.

அந்தச் செய்யாறு அண்ணன் இப்போது வேறொருவர் வண்டியை இரவில் ஓட்டுகிறார். என் மேல் கோபமில்லை என்பார், எனக்கு அது போதவில்லை. போன மாதம் அந்த வண்டியைக் கொண்டுவந்தார். ஏ.சி. போட்டால் முள் லேசாக ஏறுகிறது, இன்னும் சிவப்புக்குப் போகவில்லை. ஓனரிடம் பேசி ஒருநாள் சவாரியை விட்டுவிட்டு வந்திருந்தார். ரேடியேட்டர் ஃபேனின் ரிலே போயிருந்தது. சில நூறு ரூபாய் வேலை. மாற்றி முடித்த பிறகும் அரை மணி நேரம் வண்டியை ஐடிலில் விட்டு, ஃபேன் ஓடி நிற்பதை இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.

அன்புடன்,
கிண்டிப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் உங்கள் மெக்கானிக்